சட்டப்படி சரியான வேலை, மனதுக்கு ஒத்துவருமா? விண்ணப்பம் போட முன் முடிவெடுக்கும் முறை

நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டால் பிந்திவிடும். அதற்குள் அம்மா கோயிலில் அர்ச்சனை செய்திருப்பார். வேலைக்குச் சொல்லிவிட்ட மாமாவுக்கு நன்றி சொல்லியாயிற்று. கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் கடிதத்தின் படமும் போயிருக்கும். அந்த நேரத்தில் "எனக்கு இது சரிவராது" என்று வாய் திறப்பது கஷ்டம். திறந்தாலும் குடும்பத்துக்கு முகத்தில் அடித்த மாதிரித்தான் இருக்கும். ஆகவே விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஒரு கொப்பி, ஒரு பேனை, இரண்டு மாலைப்பொழுது போதும்.

எந்த வேலை பாவம், எது புண்ணியம் என்ற பட்டியலை இங்கே தேட வேண்டாம். சைவ வீட்டுப் பிள்ளைக்கு மாட்டிறைச்சிக் கடை உறுத்தும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு வட்டிக் கணக்கு எழுதுவது உறுத்தும். இரண்டுமே உறுத்தாத ஒருவருக்குச் சூதாட்ட இணையத்தளத்துக்கு மென்பொருள் எழுதுவது உறுத்தலாம். உறுத்தல் எங்கிருந்து வருகிறது, அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று கண்டுபிடிக்கும் வழிதான் கீழே இருக்கிறது.

முதல் வேலை: உண்மையில் சட்டப்படியானதா?

"சட்டப்படி சரி, ஆனால் மனதுக்குச் சரியில்லை" என்று நாட்கணக்காகக் குழம்புகிறவர்களில் சிலருடைய வேலை சட்டப்படியே சரியில்லாதது. அங்கே அறக்கேள்விக்கே இடமில்லை; விலகிவிட வேண்டியதுதான். யாழ்ப்பாணத்தில் அடிக்கடி ஏமாற்றும் இடங்கள் நான்கு.

உண்டியல் முறையில் வெளிநாட்டுக் காசு கைமாற்றும் கடையில் "கணக்கு எழுதுவது மட்டும்தான்" என்பார்கள். அனுமதி பெறாமல் வெளிநாட்டு நாணயம் கைமாற்றுவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குள் வரும். கணக்கு எழுதியவரையும் விசாரிப்பார்கள். அடுத்தது, ஆள் சேர்த்தால் காசு என்று ஓடும் பிரமிட் திட்டங்கள். வங்கிச் சட்டத்தின் கீழ் இவை குற்றம். தடை செய்யப்பட்டவற்றின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது, ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பது நற்சான்றிதழ் ஆகாது. பொருள் விற்ற காசில் சம்பளம் வருகிறதா, புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய காசில் வருகிறதா என்று கேளுங்கள். மூன்றாவது, உரிமம் இல்லாத வெளிநாட்டு வேலை முகவர். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் கட்டாயம். உரிம இலக்கத்தைக் கேட்டுப் பணியகத்தின் பட்டியலில் சரிபார்க்கலாம். நான்காவது, மீற்றர் வட்டிக்காரருக்குத் தவணை பிரிக்கப் போகும் வேலை. "பைனான்ஸ்" என்று பலகை தொங்கினால் போதாது. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் அந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஒரு சொல் மாறியிருந்தாலும் அது வேறு நிறுவனம்.

இன்னொரு விரைவான சோதனையும் உண்டு: ஊழியர் சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் தொழில்தருநர் 12 வீதம், உங்களிடமிருந்து 8 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம் கட்ட வேண்டும். "அதெல்லாம் பிறகு பார்ப்போம்" என்று சொல்லும் இடம் தன் ஊழியருக்கே சட்டத்தை மீறுகிறது. வெளியாருக்கு எப்படி நடக்கும் என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

இரண்டாவது: பதவிப் பெயரை விட்டு அன்றாட வேலையை எழுதுங்கள்

பதவிப் பெயர்கள் எதையும் சொல்வதில்லை. "கள உத்தியோகத்தர்" என்றால் தொண்டு நிறுவனத்தில் கிணற்று நீரைச் சோதிப்பவராகவும் இருக்கலாம், நுண்கடன் தவணை சேர்ப்பவராகவும் இருக்கலாம். கொப்பியில் காலை 8.30 முதல் மாலை 5.00 வரை கோடு போட்டு, ஒவ்வொரு மணித்தியாலத்திலும் கை என்ன செய்யும், வாய் என்ன சொல்லும் என்று வினைச்சொல்லாக எழுதுங்கள். "வாடிக்கையாளர் உறவு" என்று எழுதக் கூடாது. "தவணை கட்டாத பெண்ணின் வீட்டு வாசலில் நிற்பேன்" என்று எழுத வேண்டும். பத்து வினைச்சொல் சேராவிட்டால் அந்த வேலையைப் பற்றி உங்களுக்கு இன்னும் தெரியாது.

தெரிந்துகொள்ள நல்ல ஆள், அங்கே இப்போது வேலை செய்பவர் அல்லர். கடந்த ஓரிரு வருடத்தில் விட்டுப் போனவரைத் தேடுங்கள். மூன்று கேள்வி போதும்: மாத இலக்கு எவ்வளவு, இலக்கை எட்டாவிட்டால் என்ன நடக்கும், முகாமையாளர் எழுத்தில் தராமல் வாயால் மட்டும் சொன்னது என்ன? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் உண்மையான வேலை விவரம்.

சம்பளம் எப்படிப் பிரிகிறது என்றும் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் 30,000, கொமிஷன் 40,000 என்றால், மாதத்தின் கடைசி வாரத்தில் நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்பதை அந்த 40,000 தீர்மானிக்கும். நல்ல மனிதர்கள் கெட்ட வேலை செய்வது பெரும்பாலும் 25ஆம் திகதிக்கும் 30ஆம் திகதிக்கும் இடையில்தான்.

கணக்குத் தெரிந்தவர் ஒரு படி மேலே போகலாம். நீங்கள் விற்கப்போகும் பொருளை வாங்குபவர் இடத்திலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு வாரத்தவணைக் கடன்: 50,000 ரூபா, 52 வாரம், வாரம் 1,120 ரூபா. மொத்தம் கட்டுவது 58,240. "வட்டி 16.5 வீதம்தானே, வங்கியைப் போலத்தானே" என்று சொல்லி விற்கலாம். ஆனால் முதல் வாரமே முதலின் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. வருடம் முழுவதும் அவர் கையில் சராசரியாக நிற்பது பாதி அளவு காசுதான். எக்செல்லில் வட்டிவீதச் சூத்திரத்தைப் போட்டு, வரும் வார வீதத்தை 52ஆல் பெருக்கினால் உண்மையான வருட வீதம் 31 அளவில் வரும். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே 1,500 ரூபாவைப் பிடித்துக்கொண்டு 48,500ஐக் கையில் கொடுத்தால் 37க்குப் போகும். இந்தக் கடன் சட்டப்படியானதாகவே இருக்கலாம். கேள்வி வேறு: வாங்கும் பெண்ணிடம் 37 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு உங்களால் விற்க முடியுமா? முடியும் என்றால் தொடருங்கள். சொன்னால் விற்காது என்றால், சொல்லாமல் விடுவதுதான் உங்கள் வேலை.

மூன்றாவது: மனச்சாட்சியா, கௌரவமா?

யாழ்ப்பாணத்தில் இந்தப் படியைத் தாண்டாமல் மற்றவற்றைச் செய்து பயனில்லை. "இந்த வேலை எனக்கு ஒத்துவராது" என்று நாங்கள் சொல்வதில் கணிசமான பகுதி அறம் அல்ல. சனம் என்ன சொல்லும் என்ற பயம். அதற்குள்ளே சாதியும் ஒளிந்திருக்கிறது. முடி வெட்டுவது, துணி வெளுப்பது, வடிகால் துப்புரவு, சீவல் தொழில் என்று யாருக்கும் கேடு செய்யாத தொழில்களை ஒதுக்கி வைத்துவிட்டு, சப்பாத்தும் டையும் போட்டு ஓட்டோவைப் பறிமுதல் செய்யப் போகும் வேலைக்குப் பெண் கொடுக்கிற ஊர் இது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்" என்ற பழமொழி அரசாங்க உத்தியோகத்தின் ஓய்வூதியத்தைப் பற்றியது. மனச்சாட்சிக்கு அது உத்தரவாதம் தருவதில்லை.

ஒரு பனையை எடுத்துக்கொள்ளுங்கள். மரமும் ஒன்று, ஏறுகிறவரும் ஒருவர், பாளை சீவும் கத்தியும் ஒன்று. சாறு வடியக் கட்டும் மண்முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் சாறு புளிக்காது. இறக்கினால் கருப்பநீர், காய்ச்சினால் பனங்கட்டி. பூசாமல் கட்டினால் தானாகவே புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்கு எதிரான கொள்கை உள்ளவர் சுண்ணாம்பு பூசாத முட்டியை மட்டும் மறுக்கலாம். அது நேர்மையான அறக்கோடு. இரண்டு முட்டியும் வேண்டாம், மரம் ஏறுவதே வேண்டாம் என்றால் அங்கே மறுக்கப்படுவது மது இல்லை. உயரத்துக்குப் பயம் என்றால் அது வேறு கதை. அதையும் கொப்பியில் அப்படியே எழுதலாம்.

இரண்டையும் பிரிக்க நாங்கள் பரிந்துரைப்பது ரொறன்ரோச் சோதனை. இதே வேலையை, இதே விதமாக, ரொறன்ரோவில், உங்களை யாருக்கும் தெரியாத ஸ்காபரோப் பக்கத்தில் செய்வதாக நினைத்துப் பாருங்கள். அங்கே செய்யலாம், இங்கே முடியாது என்றால் தடை கௌரவம். கோப்பை கழுவுவது, கட்டடம் துப்புரவு செய்வது, இரவுக் காவல் எல்லாம் இந்த வகைக்குள் வரும். அங்கேயும் தூக்கம் வராது என்றால் மனச்சாட்சி. திருப்பியும் ஒருமுறை செய்யுங்கள்: வேலையைப் பற்றி ஊரில் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் உறுத்துகிறதா?

கௌரவம் என்று தெரிந்துவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. தங்கைக்குக் கலியாணம் பேசும் வருடத்தில் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதும் ஒரு காரணம்தான். ஆனால் அதைக் கொள்கை என்று எழுத வேண்டாம். "குடும்ப நிலை, இரண்டு வருடத்துக்கு" என்று தனிப் பக்கத்தில் எழுதுங்கள். கொள்கை என்று பெயர் வைத்தால், அந்தத் தொழிலைச் செய்பவரைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான்காவது: கேடு யாருக்கு, உங்கள் கையிலிருந்து எவ்வளவு தூரம்?

மனச்சாட்சிதான் என்று உறுதியானவற்றை மட்டும் இங்கே கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி: பாதிக்கப்படுபவர் தெரிந்துதான் சம்மதிக்கிறாரா? நடந்ததைத் திருத்த முடியுமா? உங்கள் கைக்கும் கேட்டுக்கும் இடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? நீங்கள் மறுத்தால் ஏதாவது மாறுமா?

நடைமுறையில் இது எப்படி ஓடும் என்று சில வேலைகளில் பார்ப்போம்.

மதுபானக் கடைக் காசாளர். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். போயா நாளில் கடை பூட்டு. வாங்குபவர் பெரியவர், தெரிந்தே வாங்குகிறார். ஆனால் பாதிக்கப்படுபவர் பெரும்பாலும் அவர் இல்லை, வீட்டில் இருப்பவர்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நீங்கள் விலகினால் அடுத்த நாள் இன்னொருவர் அந்தக் கதிரையில் இருப்பார். மது விலக்கு உங்களுக்கு உறுதியான கொள்கை என்றால் மறுங்கள். இல்லாவிட்டால் இது நடுத்தரமான உறுத்தல். சுப்பர்மார்க்கெட்டில் மதுப் பகுதி இருந்தால் அங்கே நிற்காமல் மற்றப் பகுதியில் நிற்கக் கேட்கலாம். பெரிய கடைகளில் இந்த ஏற்பாடு சாத்தியம், தனிக் கடையில் கிடைக்காது.

இறைச்சிக் கடை. பிரதேச சபைகள் கடைகளைக் குத்தகைக்கு விடுகின்றன. தொழில் முழுக்கச் சட்டத்துக்குள். கொல்லாமை கொள்கை உள்ளவருக்கு இது தெளிவான "இல்லை". குழப்பம் சுற்றுவட்டத்தில்தான்: கோழித்தீன் விற்பனை, குளிரூட்டி திருத்துவது, சாப்பாட்டுக் கடைக் கணக்கு. இங்கே கை தூரத்தை எண்ணுங்கள். உங்கள் வேலை நின்றால் அந்தக் கொலை நிற்குமா என்று கேட்டால், குளிரூட்டி திருத்துபவரைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். நீங்கள் வாரத்தில் இரண்டு நாள் கோழி சாப்பிடுகிறவர் என்றால் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். வாங்கலாம், விற்கக் கூடாது என்பது கொள்கையாகாது.

கடற்றொழில் சார்ந்தவை. கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடித் தொழில் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் தடை. அங்கே யோசிக்க எதுவும் இல்லை. கடலட்டைப் பண்ணை அனுமதியோடு நடக்கும் தொழில். ஆனால் பண்ணைக்கு வேலி அடிக்கும் ஆழமில்லாத கரைதான் களங்கண்டி என்ற கரையோர வலைப்பொறி கட்டுபவரும், வீச்சுவலைக்காரரும், நண்டு பிடிப்பவரும் நம்பியிருக்கும் இடம். ஒரே தொழிலே இடத்தைப் பொறுத்துச் சரியாகவும் பிழையாகவும் போகும். அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கம் சம்மதித்ததா, சம்மதக் கடிதத்தில் கையொப்பமிட்டவர்கள் இப்போதும் கடலுக்குப் போகிறவர்களா என்று பாருங்கள். அரைநாள் போய்க் கரையில் நின்று கேட்டால் தெரிந்துவிடும்.

காணித் தரகு, நில அளவை, நொத்தாரிசு அலுவலகம். யாழ்ப்பாணத்தில் அறக்கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் இதுதான், யாரும் அப்படிப் பார்ப்பதில்லை என்றாலும். உரிமையாளர் வெளிநாட்டில், காணி உறுதி இடப்பெயர்வில் தொலைந்தது, பக்கத்துக் காணிக்காரர் வேலியை நகர்த்திவிட்டார். தடையில்லாமல் 10 வருடம் ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது சட்டம். போரால் காணிக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு அந்தக் காலத்தைக் கழித்துவிட 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அதற்கும் காலக்கெடு இருந்தது, பலர் தவறவிட்டார்கள். ஆகவே சட்டப்படி சுத்தமான ஒரு கோரிக்கை, ஓடிப்போன ஒரு குடும்பத்தின் காணியாக இருக்க வாய்ப்புண்டு. இங்கே நான்கு கேள்விக்கும் பதில் பாரமானது: இழப்பவருக்குத் தெரியாது, காணி கைமாறினால் திரும்பாது, உங்கள் கையொப்பமே கடைசிப் படி, நீங்கள் மறுத்தால் விடயம் உண்மையிலேயே சுணங்கும். தொழிலை விடத் தேவையில்லை. "உரிமையாளரின் பிள்ளைகளில் ஒருவருக்காவது அறிவித்த பின்தான் கோப்பைத் திறப்பேன்" என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

இணைய வேலைகள். வெளிநாட்டு மாணவருக்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுப்பது இங்கிருந்து செய்ய வசதியானது, டொலரில் காசு. இங்கிலாந்தில் அந்தச் சேவையை விற்பது 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றம். "யாருக்கும் கேடு இல்லையே" என்பார்கள். எழுதுவது தாதியியல் பாடமா, வரலாற்றுக் கட்டுரையா என்று பாருங்கள். மருந்தளவு கணக்கைக் கற்காமல் சித்தியடைந்த தாதி ஒருவரின் கையில் நாளைக்கு யாரோ ஒருவருடைய ஊசி இருக்கும். போலி மதிப்புரை எழுதுவதும், பந்தயத் தளத்தின் உதவி மையத்தில் இரவு வேலை பார்ப்பதும் இதே வரிசை. திரைக்கு அப்பால் இருப்பவரின் முகம் தெரியாததால் தூரம் கூடுதலாகத் தோன்றும். உண்மையில் நடுவில் யாருமே இல்லை.

பொலிஸ், இராணுவம், சிவில் பாதுகாப்பு. வடக்கில் இதைத் தீர்த்து வைக்க எந்த வழிகாட்டிக்கும் உரிமையில்லை. தமிழில் முறைப்பாடு எழுத ஒரு தமிழ் உத்தியோகத்தர் இருந்தால் வயதான ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பதும் உண்மை. சில வீடுகளில் அந்தச் சீருடை நுழைந்த நாளை இன்னும் மறக்கவில்லை என்பதும் உண்மை. ஒன்று மட்டும் செய்யலாம்: உங்கள் சொந்தக் குடும்பத்தின் காயத்தையும், வேலையில் நீங்கள் செய்யப்போகும் செயல்களையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதாதீர்கள். இரண்டு பக்கமாக எழுதினால்தான் எது உங்களைத் தடுக்கிறது என்று விளங்கும்.

"நான் செய்யாவிட்டால் இன்னொருவன் செய்வான்" என்ற வாதம் காசாளருக்கு ஓரளவு பொருந்தும். பொறியியலாளரின் கையொப்பத்துக்கும், கணக்காய்வாளரின் சான்றுக்கும், நொத்தாரிசின் முத்திரைக்கும் பொருந்தாது. அந்த வாதத்தின் தம்பி ஒருவர் இருக்கிறார்: "நான் உள்ளே இருந்தால் கொஞ்சம் நல்லமாதிரி நடத்துவேன்." அவரைப் பிடித்து வைத்து, முதல் மூன்று மாதத்தில் உங்கள் பதவியால் மாற்றக்கூடிய ஒரே ஒரு விடயத்தைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பக்கம் வெறுமையாக இருந்தால் அது சாட்டு.

ஐந்தாவது: மூன்று கோடு

இப்போது கொப்பியில் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். தொடவே மாட்டேன், நிபந்தனையோடு செய்வேன், மனம் சுணங்கினாலும் செய்வேன். முதலாவதில் ஐந்துக்கு மேல் வேண்டாம். பத்து எழுதியவர் முதல் நெருக்கடியிலேயே பத்தையும் அழித்துவிடுவார்.

நிறுவனப் பெயரை எழுத வேண்டாம், செயலை எழுதுங்கள். "நுண்கடன் நிறுவனங்கள்" என்று எழுதினால் நல்ல கூட்டுறவுச் சங்கமும் அதில் மாட்டும். "கடன் கட்டாதவரை மற்றவர் முன்னால் அவமானப்படுத்த மாட்டேன்" என்று எழுதினால் கோடு தெளிவு. குழுக்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் மற்றப் பெண்கள் கட்ட வேண்டும், கட்டும் வரை கூட்டம் கலையாது என்ற நடைமுறை இருந்தால் உங்கள் கோடு அங்கே தானாகவே பேசும்.

அதிகம் நடக்கும் பிழை, "யாருக்கும் எந்தக் கேடும் செய்யாத வேலை" என்று எழுதுவது. அப்படி ஒன்று இல்லை. வெங்காயத் தோட்டத்தில் கூடுதலாகப் போடும் யூரியாகூடச் சுண்ணக்கல் வழியாக இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகிறது.

ஆறாவது: காசுக் கணக்கு

கொள்கையைப் பேசும்போது காசைப் பேசக் கூடாது என்று நினைப்பவர்களின் கொள்கை மூன்று மாதம் தாங்காது. கடந்த மூன்று மாதச் செலவை எடுங்கள்: கடைக்கொப்பி, மின்சாரம், மருந்து, தம்பியின் டியூசன், மோட்டார் சைக்கிள் லீசிங், அடகு வட்டி. சராசரி மாதம் 95,000 என்று வைப்போம். அப்பாவின் ஓய்வூதியம் 42,000, அக்காவின் சம்பளத்தில் வீட்டுக்கு 30,000. மிச்சம் 23,000. நீங்கள் வேலை இல்லாமல் இருந்தால் வீட்டில் விழும் ஓட்டை இதுதான். நான்கு மாதம் தேடிப் பார்க்க 92,000 ரூபா வேண்டும்.

இப்போது ஒப்பிடுங்கள். உறுத்தும் வேலை 65,000 தருகிறது, உறுத்தாதது 40,000. இரண்டுமே 23,000க்கு மேல். அப்படியானால் "வயிற்றுக்காகத்தான்" என்று சொல்ல முடியாது. நடுவில் நிற்கும் 25,000 மோட்டார் சைக்கிளுக்கோ, சீதனத்துக்கோ, வீட்டுக்கு மேல்மாடிக்கோ போகப்போகிறது. போகட்டும், பிழையில்லை. ஆனால் எதற்காக என்று எழுதி வையுங்கள். ஓட்டை 60,000 என்றால் கதை வேறு: அங்கே நடு வரிசையில் உள்ள வேலையை எடுத்துக்கொண்டு, எத்தனை மாதம் என்று திகதி போடுவதுதான் நேர்மை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். உங்கள் மறுப்பின் செலவை யார் கட்டுகிறார்? பாரிஸில் இரவு வேலை செய்யும் அண்ணா அனுப்பும் காசில் இருந்துகொண்டு "எனக்கு இது சரிவராது" என்று சொல்வதாயின், அண்ணாவிடம் ஒரு சொல் கேட்டிருக்க வேண்டும்.

ஏழாவது: நேர்முகத் தேர்வில் கேட்பது

நிபந்தனை வரிசையில் உள்ளவற்றை அங்கேயே கேளுங்கள். குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். "சேர், இந்தப் பதவியில் வாகனம் திருப்பி எடுக்கும் வேலையும் வருமா? வந்தால் அது எனக்குச் சரிவராது, ஆவணப் பகுதியில் என்னால் நன்றாகச் செய்ய முடியும்" என்பது போதும். மதக் காரணம் என்றால் மதக் காரணம் என்றே சொல்லுங்கள், சுற்றி வளைத்தால் சந்தேகம் வரும். ஒத்துக்கொண்டால் அன்று பின்னேரமே "நேர்முகத் தேர்வில் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். முகாமையாளர் இடம் மாறிப் போன பிறகு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள்: "நிர்வாகம் பணிக்கும் ஏனைய கடமைகள்" என்ற வரி, விலகல் முன்னறிவிப்புக் காலம், இடையில் விட்டால் கட்ட வேண்டிய பிணைத் தொகை. முதலாவது உங்கள் நிபந்தனையை விழுங்கும். மூன்றாவது நீங்கள் வெளியேற முடியாமல் கட்டிப்போடும்.

ஏற்கனவே உள்ளே இருப்பவர்களுக்கு

வேலை மாறாமலே கோடு நகர்ந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம்: இரவில் அம்மாவிடம் அன்றைய நாளைச் சொல்லும்போது எந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சொல்கிறீர்கள்? இரண்டு வாரம் அதைத் திகதியோடு குறித்து வையுங்கள். ஒரே விடயம் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் பகுதி மாற்றம் கேளுங்கள், எழுத்தில்.

விலகுவது என்று முடிவானால் ஒழுங்கு முக்கியம். அடுத்த வேலையின் கடிதம் கைக்கு வர முன் ஆத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டாம். ஐந்து வருடம் முடியச் சில மாதம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடை, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி. சேமலாப நிதியை நம்பி விலக வேண்டாம்: ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வரை பொதுவாக அது வெளியே வராது. நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலை விட்டதும் கோரலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான். சேவைச் சான்றிதழை விலகும் நாளிலேயே கையில் வாங்குங்கள். உங்கள் பெயரில் உள்ள பற்றுச்சீட்டுப் புத்தகம், திறப்பு, வாடிக்கையாளர் கோப்பு எல்லாவற்றையும் கையளித்ததற்கு ஒப்பம் எடுங்கள். பிறகு குறையும் காசு விலகிப்போனவர் தலையில்தான் விழும். விலகல் கடிதத்தில் "சொந்தக் காரணம்" போதும். சட்டமீறலைக் கண்டிருந்தால் அதை அந்தக் கடிதத்தில் எழுதாமல் உரிய இடத்துக்குத் தனியாக எழுதுங்கள். சேமலாப நிதி, சம்பளம் பற்றியது என்றால் தொழில் திணைக்களம், அரச அலுவலக இலஞ்சம் என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு.

வீட்டில் சொல்வது

வேலை எடுத்துத் தந்த உறவினரிடம் முதலில் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும்; மூன்றாம் ஆள் வழியாகப் போனால் அது அவமானமாகிவிடும். "அந்த வேலை பிழை" என்று தொடங்காதீர்கள், அவருடைய மகனும் அங்கேதான் இருப்பான். "மாமா, நீங்கள் எனக்காகப் போய்க் கதைச்சது பெரிய விடயம். கடன் பிரிக்கிற வேலை எனக்கு வராது, மாமா. கணக்குப் பகுதியில் ஏதும் வந்தால் சொல்லுங்கோ" என்றால் போதும். காரணம் கேட்டால் ஒரு செயலைச் சொல்லுங்கள், கொள்கை விளக்கம் வேண்டாம். அப்பா கேட்பது கொள்கையாக இருக்காது, "அப்ப மாதம் என்ன செய்யப்போறாய்?" என்றுதான் இருக்கும். 23,000 எழுதிய பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

கொப்பியை எறிய வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சேமலாப நிதிக் கணக்கைச் சரிபார்க்கும் அன்று, அந்த மூன்று வரிசையையும் வாசியுங்கள். அழிக்க வேண்டியதை ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் திகதியை எழுதுங்கள். முழுவதும் மை பூசி மறைத்தால் எதை, எப்போது, என்ன சம்பளத்துக்கு வெட்டினீர்கள் என்று பிறகு தெரியாது.